மரியரட்ணம் தெரிகிற நாள்

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றின் பதினான்காம் மாடியில், ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த மக்டலீனின் கண்ணுக்கு அவளுடைய கணவர் மரியரட்ணம் இருபத்துநான்கு நாளுக்கு ஒருமுறைதான் தெரிந்தார். அவர் கண்ணுக்கு அவளும் அப்படித்தான். மற்றவர்களுக்கு இருவரும் எல்லா நாளும் தெரிந்தார்கள். ஒரே எலிவேற்றரில் இறங்கி, ஒரே வாங்கில் இருந்து பூசை கண்டு, ஒருவரை ஒருவர் பாராமல் திரும்பி வருவதைக் கட்டடம் முழுவதும் கண்டது. கண் டொக்ரர் இருவரையும் சோதித்துவிட்டு, மக்டலீனின் இடது கண்ணில் லேசான புரை இருக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். பங்குத் தந்தையிடம் போனபோது, தன் பங்கில் பாதித் தம்பதிகளுக்கு இந்த வருத்தம் உண்டு, இவர்களுக்காவது தவணை தவறாமல் தெரிகிறதே, அதற்கு நன்றி சொல்லட்டும் என்றார்.

எல்லாம் ஆட்டத்தால் வந்த வினை. இருவரும் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர். அவர்கள் தெருவில் கலியாணம் என்றால் கேக் வெட்டியதும் ஜைவ் தொடங்கும்; ஆடத் தெரியாத மாப்பிள்ளையைப் பெண்ணின் மாமன்மார் ஏற இறங்கப் பார்ப்பார்கள். மரியரட்ணத்துக்குத் தெரிந்திருந்தது. பின்னால் ஓரடி, முன்னால் ஓரடி, மூன்று சின்ன அடி, இன்னும் மூன்று சின்ன அடி. ஆறு எண்ணி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மக்டலீனைச் சுழற்றுவதற்கு முன்பு அவர் தன் சின்ன விரலை எடுத்து அவள் உள்ளங்கையில் ஒருமுறை அழுத்துவார். வேறு யாரும் காணாத அந்தச் சின்ன அழுத்தத்துக்காகவே அவரைக் கட்டினதாக அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கனடாவுக்கு வந்த பிறகும், அஜின்கோர்டில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் எட்டுத் தம்பதிகள் சனிக்கிழமை தோறும் கூடி ஆடினார்கள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் வேறொரு ஆணின் கையைப் பிடித்து ஆடியதில்லை.

பார்சல் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மரியரட்ணம் பொழுது போகாமல் நகரத்துக்குள் நடந்து திரிந்தார். ஒரு புதன்கிழமை பின்னேரம், பழைய தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்து யன்னலில் கால்களை மட்டும் கண்டார். அவை தெரிந்த கால்கள் போலவும் இருந்தன, தெரியாத கால்கள் போலவும் இருந்தன. உள்ளே போனார். அங்கே இவெற் என்ற கறுப்பினப் பெண்மணி சுவிங் பழக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆட்டம் எட்டு எண்ணியது. மனிதர் ஆடிவிட்டு மட்டும் வந்திருக்கலாம்; வரலாற்றையும் கூட்டிக்கொண்டு வந்தார். நியூயோர்க்கின் ஹார்லெமில் கறுப்பு மக்கள் ஆடியதுதான் தாய் என்றும், அதை யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அங்கே நடனப் பள்ளிக்காரர் அளவெடுத்து வெட்டித் தைத்ததுதான் ஜைவ் என்றும், நாங்கள் இவ்வளவு காலமும் பிள்ளையோடு ஆடிக்கொண்டு தாயை மறந்துபோனோம் என்றும் அஜின்கோர்டில் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து நின்று சொன்னார். எட்டுத் தம்பதிகளும் முகத்தைத் தூக்கினார்கள். சுவிங்காரர் குனிந்து ஆடுவது விழுந்த தோட்டைத் தேடுவதுபோல இருக்கிறது என்று இவர்கள் சொல்ல, ஜைவ்காரர் முழங்காலைத் தூக்குவது சுடுமணலில் நிற்பதுபோல இருக்கிறது என்று அவர்கள் சொல்ல, இரண்டு பக்கத்துக்கும் செய்தி கொண்டுபோனவர் மரியரட்ணம்தான். தங்களைச் சேர்த்துவைத்த ஆட்டத்தை அவர் ஒட்டுத்துணி என்று சொல்லிவிட்டதாக மக்டலீனுக்கு மனம் நொந்தது.

மகன் டெனிஸ்டனின் கலியாணத்தில் அது வெடித்தது. இருநூறு பேர் வட்டமாக நிற்க, பெற்றோரை ஆடச் சொன்னார்கள். ஆறு எண்ணி அவள் திரும்பி வந்தபோது, அவர் எட்டில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மக்டலீன் மண்டபத்தின் நடுவில், நீட்டிய கையோடு, இரண்டு எண்ணிக்கை நேரம் தனியே நின்றாள். இரண்டு எண்ணிக்கை என்பது ஒரு நொடியைவிடக் குறைவு. ஆனால் இருநூறு பேர் பார்க்கும்போது அதற்குள் ஒரு பெண் முப்பத்தைந்து வருடத்தையும் எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இண்டையோட சரி. நீங்கள் உங்கட எட்டை ஆடுங்கோ. நான் என்ர ஆறை ஆடுறன்." அவரும் சரி என்றார். விடிந்தபோது அவரைக் காணவில்லை.

ஓடிப்போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் குளியலறையில் துவாய் ஈரமாக இருந்தது. மேசையில் வைத்த தேநீர் தானாகக் குறைந்தது. அவள் பிறம்ரனில் பண்டசாலை ஒன்றில் வேலை செய்யும் டெனிஸ்டனைக் கூப்பிட்டாள். அவன் வந்து வாசலில் நின்று, தாயையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா சோபாவிலதான் அம்மா இருக்கிறார். ரீவி பாக்கிறார்" என்றான். அவள் சோபாவைப் பார்த்தாள். மெத்தை பள்ளமாகியிருந்தது. கையை வைத்தால் சோபாச் சீலைதான் தட்டுப்பட்டது. "சாப்பிட்டவரோ எண்டு கேள்" என்றாள். இருபத்துநான்காம் நாள் காலையில் மரியரட்ணம் குசினியில் பாண் வாட்டிக்கொண்டிருந்தார். ஆறாக எண்ணினாலும் எட்டாக எண்ணினாலும் இருபத்துநான்கில் சந்திக்கத்தானே வேண்டும் என்று டெனிஸ்டன்தான் கணக்குப் பார்த்துச் சொன்னான். அதே வாரம் கட்டடத்தின் இரண்டாவது எலிவேற்றர் பழுதானது. மாடிக்காரர் அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார்கள்.

வருடத்துக்குப் பதினைந்து நாள். மளிகைக் கடைக் கலண்டரில் அவள் அந்த நாட்களுக்கு வட்டம் போட்டாள். முதல் இரண்டு வருடமும் அந்த நாட்களைச் சண்டைக்குச் செலவழித்தார்கள். பிறகு, கிடைப்பதே ஒரு நாள் என்று இருவருக்கும் உறைத்தது. அவர் முதல் நாளே தலைமயிர் வெட்டிக்கொண்டு வருவார். அவள் மீன் வாங்கி வைப்பாள். மருந்துகள், பேரப்பிள்ளை, ஊரில் யார் செத்தார் என்பதெல்லாம் கதைத்தார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று சொல்லாமலே ஒப்பந்தமாயிற்று. ஆகவே ஆடவும் இல்லை. மற்ற இருபத்துமூன்று நாளும் அவள் வீட்டில் கதவுகள் தானாகத் திறந்து மூடின. அஜின்கோர்டுக்கு அவள் தனியே போய், சுவரோரக் கதிரையில் இருந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். புதன்கிழமைகளில் அவருடைய சப்பாத்துகள் வாசலிலிருந்து காணாமற்போய், இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்தன. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு கிழமையும் அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். தனிமை என்றால் ஆள் இல்லாதது என்று நினைப்பவர்களுக்கு அவள் வீட்டைக் காட்டவேண்டும்.

பன்னிரண்டாம் வருடம், வட்டம் போட்ட நாளுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை டெனிஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோன் எடுத்தான். அப்பாவின் இதயம் களைத்துவிட்டது, டொக்ரர் இரண்டு கிழமைக்கு மேல் சொல்லவில்லை என்றான். மக்டலீன் கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். எண்ணிப் பார்க்க அதிகம் இல்லை. பதினான்கு, பத்தொன்பதைவிடக் குறைவு. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரித்த வெள்ளைத் துணியும், பள்ளமான தலையணையும், காற்றில் நின்ற சேலைன் குழாயும் தெரிந்தன. டெனிஸ்டன் தலையணையோடு கதைத்துக்கொண்டிருந்தான். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள், அழுதாள். அவரைக் காணாமல் அவரை அனுப்பிவைக்க அவளால் முடியாது.

தானும் எட்டு எண்ணினால் அவர் தெரியக்கூடும் என்று நினைத்து, புதன்கிழமை ஸ்றீற்காரில் ஏறி அந்தத் தேவாலய மண்டபத்துக்குப் போனாள். எட்டுப் பழகவேண்டும் என்று இவெற்றிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். யாருடைய மனைவி என்று சொல்லவில்லை. சுவிங் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இவெற் கை தட்ட, அடுத்தவரிடம் மாறவேண்டும். அறுபத்தெட்டு வயதில் மக்டலீன் ஒரு மணித்தியாலத்தில் பதினான்கு பேரின் கையைப் பிடித்தாள். முதலாமவன் கணினி வேலைக்காரப் பையன், கை வியர்த்திருந்தது. அவன் அவளைச் சுழற்றுவதற்கு முன் சின்ன விரலை எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை அழுத்தினான். மக்டலீன் காலைத் தவறவிட்டாள். இரண்டாவதாக வந்த உயரமான பெண்ணும் அழுத்தினாள். அதற்கடுத்த தாடிக்காரரும் அழுத்தினார். பதினான்கு கையிலும் மரியரட்ணம் இருந்தார். அவளோடு ஆடாத பன்னிரண்டு வருடமும் அவர் இங்கே ஒவ்வொரு கையாகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குப் பொறாமை வந்தது. அதோடு, அந்தக் கைகளை விட மனமும் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் இவெற்றிடம் உண்மையைச் சொன்னாள். இவெற் அவளைப் பக்கத்தில் இருத்தி, உன் கணவர் பன்னிரண்டு வருடமாக எட்டை ஒழுங்காக ஆடவில்லை என்றாள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு அடி நடைதான். மகனின் கலியாணத்துக்குப் பிறகு அவர் அந்த இரண்டு அடியை நடப்பதே இல்லை. ஆறு எண்ணி ஆடுவார். பிறகு கையை நீட்டிக்கொண்டு இரண்டு எண்ணிக்கை சும்மா நிற்பார். ஒரு வருடம் திருத்திப் பார்த்து அவள் கைவிட்டாளாம். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், என் மனைவி இன்னும் வந்து சேரவில்லை என்பாராம். அது அவருடைய பாணி என்று நினைத்து இரண்டொரு பொடியன்மாரும் அப்படி நிற்கப் பழகிவிட்டார்கள் என்று சொல்லி இவெற் சிரித்தாள். மக்டலீனால் சிரிக்க முடியவில்லை. அவள் கலியாண மண்டபத்தில் நின்ற அதே இரண்டு எண்ணிக்கையில் அவர் பன்னிரண்டு வருடமாக நின்றிருக்கிறார். அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு முறையும், அவள் ரோசத்தோடு மனதுக்குள் அடுத்த ஆறைத் தொடங்கிவிட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள். பின்னால் ஓரடி, முன்னால் ஓரடி, மூன்று சின்ன அடி. பிறகு, பன்னிரண்டு வருடம் நடக்க மறுத்த இரண்டு அடியையும் கட்டிலின் பக்கவாட்டில் நடந்து, மிச்ச மூன்று சின்ன அடியையும் வைத்துக் கையை நீட்டினாள். சின்ன விரல் ஒன்று உள்ளங்கையில் அழுத்தியது. மரியரட்ணம் கட்டிலில் கிடந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, தலைமயிர் வெட்டாமல் கிடந்தார்.

"வந்திட்டீரே மக்டா" என்றார்.

"ஏன் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"எண்ணிக்கொண்டு நிண்டனான். எண்ணேக்க கதைச்சாப் பிழைச்சுப் போகும் எண்டு உமக்குத் தெரியும்தானே."

வெள்ளியும் சனியும் அவள் வந்து எட்டு எண்ணினாள். தாதிமார் அவளுக்கு இடம் விட்டு சேலைன் கம்பியைத் தள்ளி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர் கை அவள் கைக்குள் இருக்கும்போதே போய்விட்டார். அடக்கத்துக்கு அஜின்கோர்ட்காரர் ஒரு பக்கமும் இவெற்றின் ஆட்கள் மறுபக்கமும் நின்று, மனிதர் தங்கள் ஆள்தான் என்று மெல்லிய குரலில் வாதாடினார்கள். சவப்பெட்டிக்கு அருகில் மக்டலீன் எட்டு எண்ணிவிட்டுப் பார்த்ததைத் துக்கத்தில் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை புதைத்தார்கள். ஆள் இல்லாத கட்டிலில் எப்படிப் படுப்பது என்று மற்ற விதவைகள் புதிதாகப் பழகவேண்டும். அவள் பன்னிரண்டு வருடமாகப் பழகியிருந்தாள். ஆனாலும் துவாய் ஈரமாகாதது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை கலண்டரில் வட்டம் போட்ட நாள். அவள் எழுந்து, பழக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது மரியரட்ணம் சோபாவில் இருந்தார். தலைமயிர் வெட்டியிருந்தார். அவள் கோப்பையைக் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். மீன் நேற்றே வாங்கி வைக்கவில்லையே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. குடித்து முடித்ததும் இருவரும் எழுந்து, மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஆடினார்கள். சில வேளை ஆறு, சில வேளை எட்டு. கீழ் வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையைத் தட்டினார்.

பத்து மணிபோல டெனிஸ்டன் பிறம்ரனிலிருந்து எடுத்தான். தனியே எப்படி இருக்கிறீர்கள், எங்களோடு வந்து இருங்கள் என்று தொடங்கினான். "அப்பா சோபாவிலதான் தம்பி இருக்கிறார். ரீவி பாக்கிறார்" என்றாள் மக்டலீன்.

"சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ அம்மா" என்றான்.

அவள் திரும்பிக் கேட்டாள். இன்னும் இல்லையாம் என்று சொல்லிவிட்டு, ரெலிபோனை வைத்து, அடுத்த இருபத்துநான்காம் நாளுக்கு வட்டம் போட்டாள். பிறகு பாண் வாட்டப் போனாள்.