ஒதுங்கி நின்ற சீருடை

அருங்காட்சியகத்துக்கு வந்த மறுநாள் காலையிலேயே, செத்துப்போன சார்ஜென்ட்டின் சீருடை கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. அதே வாரம் நுழைவுச்சீட்டு விலையும் ஏறியது. ஊர் பேசியது விலையைப் பற்றித்தான். சீருடை நகர்ந்ததற்குத் தரை சாய்வு என்றார் அருங்காட்சியக இயக்குநர். நடுவில் நிறுத்தி ஆணியடித்தார்கள். ஆணி நடுவிலேயே இருந்தது, சீருடை ஓரத்துக்குப் போய்விட்டது. காலியிடத்தில் ஒரு தளபதியின் மார்பளவுச் சிலையை வைத்தார்கள். காலையில் தளபதி மூக்குடைந்து தரையில் கிடந்தார்.

பெட்டியின் கீழே பித்தளையில் "நாட்டையே மணந்த பிரம்மச்சாரி" என்று பொறித்திருந்தது. வாசகம் சார்ஜென்ட்டின் அக்கா கொடுத்தது. சாவு வீட்டில் அலமாரியைத் திறந்து சீருடையை எடுத்துப்போனவளும் அவள்தான். அந்த வீட்டில் தம்பியோடு முப்பது வருடம் வாழ்ந்த ரொட்டிக்கடைக்காரரை அவள் 'குடித்தனக்காரர்' என்றே சொல்லிவந்தாள். வீட்டில் கட்டில் ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும்; தெரியாததுபோல் இருப்பதற்குத்தான் குடும்ப கௌரவம் என்று பேர்.

ரொட்டிக்கடைக்காரர் சீருடையைத் திருப்பிக் கேட்டு வந்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார் இயக்குநர்.

"கூட இருந்தேன் சார்."

"கூடன்னா?"

"கூடத்தான்."

"அவங்க அக்காவே குடுத்துட்டாங்க. இனி அது நாட்டு சொத்துய்யா."

"நாட்டுக்கு அது ஏன் ஒதுங்குதுன்னு தெரியலையே சார். எங்க அலமாரி சின்னது. ஒரே கம்பி. என் கடைக் கோட்டுக்கு இடம் விட்டுத்தான் அது தொங்கும்."

சீருடை கைக்கு வராது என்று புரிந்ததும், அதைத் தனியே விட மனமில்லாமல், போட்டிருந்த கோட்டைக் கழற்றி நீட்டினார். மறுநாள் மந்திரி வருகிறார். காலியிடம் நிரம்பினால் சரி என்று இயக்குநர் அதை வாங்கிச் சீருடைக்குப் பக்கத்தில் மாட்டினார். காலையில் சீருடையின் ஒரு கை கோட்டின் தோள்மேல் கிடந்தது. மந்திரி அதைக் காட்டி, "ராணுவமும் உழைப்பாளியும்!" என்று கண்கலங்கினார். கோட்டுக்கு "அக்காலத் தொழிலாளர் உடை" என்று அட்டை வைத்தார்கள். அக்காலத் தொழிலாளர் வெறும் சட்டையோடு கடைசி வரிசையில் நின்று கைதட்டினார்.

அன்றிலிருந்து தினமும் சீருடையின் மார்பில் மாவு படிகிறது. பூச்சி வரும் என்று துணிப் பாதுகாப்பாளர் பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பார்த்தார். பூச்சி வரவில்லை, மாவும் நிற்கவில்லை. இப்போது அவர் தட்டுவதில்லை.

ரொட்டிக்கடைக்காரர் புதுக் கோட்டு வாங்கி, அலமாரிக் கம்பியின் ஓரத்தில் மாட்டுகிறார். கட்டிலிலும் ஓரமாகத்தான் படுக்கிறார். அந்த வீட்டில் மட்டும் அதிசயம் எதுவும் நடப்பதில்லை; விடிந்து பார்த்தால் மறுபாதி விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கிறது.