மடுவுக்குள் ஐந்தாவது ஈயக்கட்டி

...இல்லை, அந்த ஐந்தாவது ஈயக்கட்டியைத் திரும்ப மாட்டியிருக்கக் கூடாது, கொச்சிக் கடலில் ஆறு கட்டி வேண்டும், இது உப்பில்லாத தண்ணீர், நாலே போதும் என்று நினைத்துத்தான் கடற்படை முக்குளிப்பவன் மரியஜோசப் மடுவில் கால் வைத்தான், ஆனால் உடம்பு முங்கவே இல்லை, மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு, நுரை ரப்பர் உடைக்குள் இருந்த குமிழெல்லாம் உப்பிக்கொண்டு அவனைத் தக்கை மாதிரி மிதக்கவிட்டன, சரியென்று இன்னொரு கட்டியை இடுப்புப் பட்டையில் கோர்த்தான்... இப்போது கீழே போகப் போகத் தண்ணீர் அதே குமிழ்களை நசுக்குகிறது, உடை மெலிந்து தோலோடு ஒட்டுகிறது, குளிர் நேராக எலும்புக்கு வருகிறது, ஈயம் மட்டும் இளைக்கவில்லை, இழுத்துக்கொண்டே போகிறது. கூட வந்த கடற்படைச் சிநேகிதன் காய்ச்சலில் திருப்பத்தூரிலேயே படுத்துவிட்டான், கரையில் கயிற்றைப் பிடித்திருப்பவன் சடையன், மலைக்காரன், கடலையே பார்த்ததில்லை. ரெண்டு தரம் சுண்டினா இழுக்கணும், புரியுதா? புரியுதுங்க என்றான். அவனுக்குப் பக்கத்தில் அமீனா, புளி மூட்டையோடு ஜீப் மடுவுக்குள் உருண்ட நாளிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷன் சனாவுல்லா ஓட்டிய ஜீப், அவன் உடம்பு இன்னும் உள்ளேதான். "மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டா போதும்ண்ணா" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை.

முகம்... பெண்டாட்டி மார்த்தாளின் முகத்தை அவன் பார்க்கவில்லையே, தந்தி கப்பலுக்கு வந்துசேர்வதற்குள் ஊரில் மண் போட்டுவிட்டார்கள், கல்லறைமேல் யாரோ வைத்த சாமந்தி வாடிக் கிடந்தது, காய்ச்சலில் என்னைக் கேட்டாளா, பேர் சொன்னாளா, யாரிடம் கேட்பது? கால் சேற்றில் புதைந்தது. கை துழாவியதில் சக்கரம், தகரம், பிறகு ஒரு சட்டைக் காலர். சனாவுல்லாவின் தோளுக்கடியில் கயிற்றைக் கட்டினான். கட்டி முடித்தபின் ஏன் சுண்டவில்லை? இங்கே யாரும் தேட மாட்டார்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், எடை அவ்வளவு பாந்தமாக அழுத்துகிறது, பட்டையின் கொக்கியில் விரல் இருக்கிறது, அவிழ்க்கவில்லை... எவ்வளவு நேரம்? முதுகு உருளையில் காற்று குறைந்து, உறிஞ்சினால்தான் வருகிறது என்று ஆனபோதுதான் கயிற்றைச் சுண்டினான்.

சனாவுல்லா முன்னே போனான், இவன் பின்னே. மேலே வர வரக் குமிழ்கள் மறுபடி உப்பின, உடை அவனைக் கேட்காமலே தூக்கியது, மேல்மட்டம் நெருங்க நெருங்க இன்னும் வேகமாக, கையை விரித்துத் தடுத்தான், மூச்சை விட்டுக்கொண்டே வந்தான். கரையில் அமீனா அழவில்லை. முந்தானையால் சேற்றைத் துடைத்தாள், நெற்றி, கண், மீசை, வெகுநேரம். சடையன் மறுபக்கம் திரும்பி நின்றான். பிறகு அவள் மரியஜோசப்பை நிமிர்ந்து பார்த்தாள், ஒதடு நீலமா இருக்குதேண்ணா, வூட்டுக்குப் போய் சுடுதண்ணி ஊத்திக்கோங்க, வூட்ல யாரு இருக்காங்க? "சம்சாரம் இருக்குதும்மா" என்றான், யோசிக்காமலே வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். பல் கிடுகிடுத்தது, வெயிலில் போய் நின்றான்... பொய் சொன்னோம் என்றுகூடத் தோன்றவில்லையே, பின்னே இவ்வளவு நாளும் கொச்சியில் யாருக்காக ஊருக்கு லீவு போடாமல் இருந்தோம், போகாதவரை அவள் வீட்டில் இருக்கிறாள் என்றுதானே?