வீட்டுக்குப் பின்னால் அடைபட்ட பொக்லைன்

கிட்டே வாருங்கள், என் செல்லங்களா. கால் நீட்ட இடம் போதாவிட்டால் அந்தக் கூடையைத் தள்ளி வையுங்கள். இன்றைக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கிடைக்குமா என்று நானும் வெகுநேரம் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தெருவில் அவருக்கு மேற்பார்வையார் என்று பெயர். வாசல் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவர். பால்காரர் பால் ஊற்றினால் மேற்பார்வை. மனைவி துணி உலர்த்தினால், "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு" என்று மேற்பார்வை. அந்த நாற்காலியைக் காலையில் கொண்டுவந்து போடுவதும் சாயங்காலம் உள்ளே எடுத்து வைப்பதும் அந்த அம்மாள்தான். உட்காருவது மட்டும் அவர் பொறுப்பு. அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அவருக்கு ஒரு அக்கா. வீட்டின் பின்னறையில் தையல் மிஷின் போட்டு, தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொண்டிருந்தாள். போன மழையில் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, அறைச் சுவர் ஊறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நூல்கண்டுகள் எல்லாம் கட்டிலடியில் மிதந்தன. சுவரைத் தட்டிப் பார்த்த கொத்தனார், இன்னொரு மழைக்கு இப்படித் தண்ணீர் நின்றால் அஸ்திவாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். அறை போனால் அக்காவுக்கு மிச்சம் கூடத்து மூலைதான். மின்விசிறி போடக்கூடத் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நினைப்பிலேயே அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மேற்பார்வையாருக்கும் கவலைதான். அக்கா கூடத்துக்கு வந்தால், தான் டிவி பார்க்கும் நேரத்தில் மிஷின் கடகடக்குமே என்ற கவலை. உடன்பிறந்த பாசம் அவரிடம் அந்த அளவுக்குத்தான் ஊறும். எப்படியோ, பின்புறத்திலிருந்து வீட்டுப் பக்கச் சந்து வழியாகத் தெருச் சாக்கடை வரைக்கும் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கச் சம்மதித்தார். சந்து குறுகல். பெரிய வண்டி நுழையாது. குட்டிப் பொக்லைன் வைத்திருப்பவர்களை வரச்சொன்னார்.

முதலில் வந்தவள் ஒரு பெண். சொந்த வண்டி, அதை அவளே ஓட்டுவாள். வாயும் வண்டி மாதிரிதான், எதிரில் யார் நின்றாலும் நிற்காது. வந்ததும் டேப்பை இழுத்துக் கேட்டை அளந்தாள், சந்தை அளந்தாள், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடைக்கூட விடவில்லை. குடிதண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவது, பதிக்கிற குழாய் எப்போது வரும் என்று வரிசையாகக் கேட்டாள். மேற்பார்வையாருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை.

கடைசியாக அவள் கேட்டது இது: "வேலை முடிஞ்சப்புறம் வண்டி எந்தப் பக்கமா வெளிய வரணும், சார்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உள்ள போன வழியாத்தாம்மா வரும். பின்ன என்ன, பறந்தா வரும்?"

அவள் போனதும், இத்தனை கேள்வி கேட்கிறவளுக்கு எப்படி வேலை தெரிந்திருக்கும் என்று தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னார். கேள்விக்காரி என்று பட்டமும் கட்டினார்.

அடுத்து வந்தவன் ஒன்றுமே கேட்கவில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றாமலே சந்தை ஒருமுறை எட்டிப் பார்த்தான். அவர் சொன்னதற்கெல்லாம், "ஆகட்டும் சார்," என்றான். அவர் தும்மினால்கூட ஆகட்டும் என்பான் போல. இவனல்லவோ தொழில்காரன் என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்து போயிற்று. அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்.

வேலைநாளும் வந்தது. இங்கேதான், கண்ணுகளா, கவனமாகக் கேளுங்கள். பொக்லைன் தனக்கு முன்னால் தோண்டும், தோண்டத் தோண்டப் பின்னால் நகரும். ஆகவே சந்து வேலை என்றால் உள்கோடியில் ஆரம்பித்துத் தெருவை நோக்கிப் பின்வாங்கி வரவேண்டும். நம்முடைய மகானுபாவருக்கோ தெருப் பக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். நாற்காலி அங்கேதானே இருக்கிறது? தான் கை நீட்டுவதும் வண்டி அதன்படி மண்ணை அள்ளுவதும் எதிர்வீட்டுக்காரர் கண்ணில் படவேண்டாமா? முகப்பிலிருந்து ஆரம்பி என்றார்.

"ஆகட்டும் சார்," என்றான் அவன்.

வண்டியைச் சந்துக்குள் விட்டு, கேட்டோரம் முதல் குழியைப் பறித்து, மண்ணை இரண்டு பக்கமும் குவித்துக்கொண்டே பின்வாங்கினான். மேற்பார்வையார் கையை ஆட்டிய ஆட்டத்தில், போகிற வருகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாரோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்கா பின்னறை ஜன்னலில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். வண்டியின் பின்புறம் தன்னை நோக்கி நகர்ந்து வருவதைப் பார்த்தாள். சந்து முழுக்கப் பள்ளம் நீண்டுகொண்டே வருவதையும் பார்த்தாள். தைப்பதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, உறைக்குள்ள நின்னுக்கிட்டு உறையோட வாயைத் தைக்கிறீங்களேடா. அவன் எப்படி வெளிய வருவான்?"

"உனக்கு ஊசி தெரியும், நூல் தெரியும். இது மிஷின் வேலை, அக்கா. போய் உன் வேலையப் பாரு," என்றார் தம்பி.

போனாள். வண்டியும் பின்புறத்தில் போய் நின்றது. மூன்று பக்கம் மதில். நாலாவது பக்கம் வீடு. தெருவுக்கு இருந்த ஒரே வழி பள்ளமாகக் கிடந்தது. கூலிங் கிளாஸ்காரன் அப்போதுதான் முதன்முதலாகத் தன் கண்ணாடியைக் கழற்றினான்.

பள்ளத்தில் குழாயைப் பதித்து மூடியிருந்தால் அதன்மேல் வண்டியை ஓட்டிப் போயிருக்கலாம். குழாய் எங்கே? கடையில். பள்ளத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக வாங்கலாம் என்று விட்டிருந்தார் பெரிய மனிதர். கூலிங் கிளாஸ்காரனுக்கோ மத்தியானம் வேறிடத்தில் வேலை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு வண்டியில் ஏறி, தோண்டிய மண்ணையெல்லாம் தோண்டிய பள்ளத்திலேயே தள்ளி, வண்டியின் பக்கெட்டால் தட்டித் தட்டிச் சமன்செய்து, அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது சந்து. என்ன, இப்போது மண் பொதபொதவென்று இருந்தது. மேற்பார்வையார் அதற்கும் கையை ஆட்டி வழிகாட்டியிருந்தார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தம்பி மண்ணின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேள்விக்காரிக்கு அவளே போன் போட்டாள். யாரைக் கேட்டுக் கூப்பிட்டாய் என்று தம்பி குதித்தார்.

"என் சுவரு, என் சம்பாத்தியம். நீ உக்காந்திருடா. அதுதான் உனக்கு நல்லா வருது."

மறுநாள் குழாய் வந்து இறங்கிய பிறகுதான் கேள்விக்காரி வந்தாள். விட்ட கேள்விகளை மறுபடியும் கேட்டாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வண்டி உள்கோடியில் ஆரம்பித்தது. அக்காவின் சுவரோரத்திலிருந்து சந்து நெடுகத் தோண்டிக்கொண்டே பின்வாங்கி, வாசல் பக்கம் வந்து நாற்காலியை முட்டுகிற மாதிரி நின்றது.

கேள்விக்காரி எட்டிப் பார்த்தாள். "சார், எல்லாம் ஆச்சு. நீங்க உக்காந்திருக்கிற எடம் ஒண்ணுதான் பாக்கி."

மனைவி வந்து நாற்காலியை எடுப்பாள் என்று உள்ளே பார்த்தார். அந்த அம்மாள் சமையலறை ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாளே தவிர அசையவில்லை. கடைசியில் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் வாழ்நாளில் அவர் செய்து தெரு பார்த்த வேலை அது ஒன்றுதான்.

குழாய் பதித்து மூடிய கையோடு மழை கொட்டியது. தண்ணீர் சுவரைத் தொடாமல் குழாயில் இறங்கிச் சாக்கடைக்கு ஓடியது. பின்னறையில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் குடைக்குள் நின்ற மேற்பார்வையார், நான் மட்டும் பார்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரரோ பாதிப் பேச்சிலேயே தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

போய் வாருங்கள், என் தங்கங்களா. உங்கள் வீட்டுச் சுவர்கள் காய்ந்திருக்கட்டும். உங்களுக்கென்று ஓர் அறையும், அதன் விளக்கைப் போட யார் முகத்தையும் பார்க்க வேண்டாத வாழ்வும் நிலைக்கட்டும். கேள்வி கேட்கிறவர்கள் உங்கள் வாசலில் மதிப்போடு நிற்கட்டும். உங்கள் வீட்டு நாற்காலிகளில், உழைத்துக் களைத்தவர்களே உட்காரட்டும்.