நான்காவது வரிசை, இரண்டாவது இருக்கை

வைடோட்டாஸ் வீடியோவை நிறுத்தினான். மடிக்கணினித் திரையில் லவெல் பிக்கன்ஸ் கழுத்தைத் திருப்பி எங்கோ பார்த்தபடி நின்றான். அவன் மறிக்க வேண்டிய ஆள் அவன் முதுகுக்குப் பின்னால் கூடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"இது ஏழாவது தடவ. இன்னும் நாலு இருக்கு. எல்லாம் ஒரே மேட்ச்ல."

உதவிக் கோச்சான வைடோட்டாஸின் அறை சீருடை துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் எப்போதும் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும்.

"அங்க என்னதான் இருக்கு தம்பி? பொண்ணா? சொல்லு, நானே போய் நம்பர் வாங்கித் தர்றேன். நீ பந்தப் பாரு."

"நான் எங்கயும் பாக்கல."

"பாக்கலயா? அப்ப இது யாரு, உங்க சித்தப்பா பையனா?" வைடோட்டாஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "கோச் திங்கக்கெழமைக்கு உனக்கு ஃப்ளைட் டிக்கெட் பாக்கச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழமை பக்கத்து ஊர்க்காரனுங்களோட மேட்ச். அதுலயும் கழுத்தத் திருப்பினா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

டிசம்பர் முடிவதற்குள் க்ளப் அவனை அனுப்பிவிடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது லவெல் அதைப் படித்தான். அப்போது அது யாருக்கோ எழுதப்பட்டது போல இருந்தது.

மிசிசிப்பியில் ஒரு சிறிய கல்லூரியின் கூடைப்பந்து அணிக்காக ஆட்டத்துக்கு இருபத்திரண்டு புள்ளிகள் எடுத்தவன். பெரிய லீக் கூப்பிடவில்லை. சைப்ரஸ், ஸ்லோவாக்கியா, போர்ச்சுகல் என்று ஏழு வருடங்கள். மனைவி ரொஷெல் எல்லா ஊருக்கும் வந்தாள். எந்த அரங்கானாலும் ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு இடப்பக்கம், நான்காவது வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது இருக்கை. ஓரத்து இருக்கை வேண்டாம், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள் என்பாள். எழுந்தால் பட்டென்று மேலே மடங்கிக்கொள்ளும் இருக்கைகள் அவை. அவள் எழும்போது மட்டும் ஒரு கையால் பிடித்து மெல்ல விடுவாள். "நீ ஃப்ரீ த்ரோ போடுறப்ப சத்தம் கேக்கக் கூடாதில்ல."

ஜூன் மாதம் ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவள் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. மூளையில் ஏதோ இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆகஸ்டில் அவன் லித்துவேனியாவின் இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்தான். இந்த அரங்கை அவள் பார்த்ததே இல்லை.

"அந்த எடத்தப் பெருசாக்கு," என்றான் லவெல்.

வைடோட்டாஸ் பெரிதாக்கினான். அரங்கு நிறைந்திருந்தது. உச்சியில் காலியாக இருந்த ஐந்தாறு இருக்கைகள் மேலே மடங்கி நின்றன. நான்காவது வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவதும் காலி. ஆனால் அது மடங்கவில்லை. ஆள் உட்கார்ந்தால் எப்படியோ அப்படிக் கீழே இருந்தது.

"ஸ்பிரிங் போயிருக்கும்," என்றான் வைடோட்டாஸ்.

முந்தைய ஆட்டத்தையும் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முந்தையதையும். எல்லாவற்றிலும் அது கீழேதான் இருந்தது. வைடோட்டாஸ் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தான்.

சனிக்கிழமை காலை அரங்கில் டங்குவோலெ மட்டும் இருந்தாள். டிக்கெட் விற்பதும் அவள்தான், ஆட்டம் இல்லாத நாளில் வரிசைகளைப் பெருக்குவதும் அவள்தான். லவெல் நான்காவது வரிசைக்கு ஏறினான். இரண்டாவது இருக்கை மற்றவற்றைப் போலவே மடங்கி நின்றது. கையால் அழுத்திக் கீழே இறக்கி விட்டான். பட்டென்று மேலே போனது. காலி அரங்கில் அந்தச் சத்தம் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"டேய் நெட்டையா, ஒடைச்சிடாத! உன் சம்பளத்துல புடிக்கச் சொல்லுவேன்."

"இந்த சீட்டுக்கு டிக்கெட் விக்கிறீங்களாம்மா?"

"விக்காம? ஒவ்வொரு மேட்சுக்கும் விக்கிறேன். வாங்கினவன் அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து, வேற எடம் குடுங்கிறான்."

"ஏன்?"

"ஆளிருக்காம். ஒரே சீட்ட ரெண்டு பேருக்கு விக்கிறேன்னு என்னையே திட்டுறானுங்க." துடைப்பத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "நான் கீழருந்து பாத்தா ஒருத்தருமில்ல. யாரு உக்காந்திருந்தான்னு கேட்டா, பேந்தப் பேந்த முழிக்கிறானுங்க."

அன்று மாலை பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான். பெட்டி காலியாகவே இருந்தது. திங்கட்கிழமை அனுப்பினால் ரொஷெல் இறந்த அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே அவளுடைய பல் தேய்க்கும் பிரஷ் இருக்கும். அதை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. வேறு போக்கிடம் இல்லை. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளினான். நாளைக்குப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தான். ஒரு முறைகூட.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் தொடங்கியது முதல் இடக்கழுத்தில் ஒரு குளிர் இருந்தது. தெருவில் தெரிந்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல் நடக்கிறவனின் கழுத்து அது. பந்தைப் பார்த்தான். எதிராளியின் இடுப்பைப் பார்த்தான். இடைவேளையில் துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டான். கடைசி ஒன்பது விநாடிகள் மிச்சமிருக்கும்போது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். எதிராளி இடித்ததில், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு அவனுக்குக் கிடைத்தது. முரசுகள் நின்றன. மூவாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். கண்ணை வளையத்தில் வைத்தான். வேறெங்கும் போக விடவில்லை.

இரண்டும் விழுந்தன.

திங்கட்கிழமை காலை வைடோட்டாஸ் சுடச்சுட இறைச்சி அடைத்த பன்களும், மே மாதம் வரைக்குமான ஒப்பந்தத் தாளும் கொண்டுவந்தான்.

"ஒரு தடவகூடத் திரும்பலடா! கோச்சே ரெண்டு தரம் ஓட்டிப் பாத்தாரு. இந்தா, கையெழுத்தப் போடு. கைய மொதல்ல தொடச்சுக்கோ, எண்ணெ."

"கடைசி ஃப்ரீ த்ரோவப் போடு."

"போடுறேன், ஒன்ன நீயே ரசிச்சுக்கோ."

திரையில் அவன் கோட்டில் நின்று பந்தைத் தட்டினான். ஒரு தட்டு, இரண்டு தட்டு. அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக முகங்கள் வளையத்தையே பார்த்தன. யாரும் அசையவில்லை. நான்காவது வரிசையின் இரண்டாவது இருக்கை கீழே இருந்தது.

மூன்றாவது தட்டில் அது எழுந்தது. பட்டென்று அல்ல. யாரோ கையால் பிடித்து விடுவதுபோல மெல்ல, மெல்ல மேலே போய், பின்பலகையில் சேர்ந்தது.

"என்னடா பாக்குற? பந்து இந்தப் பக்கம்," என்றான் வைடோட்டாஸ், வாய் நிறைய பன்னோடு.

லவெல் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். பந்து அவன் விரல்களை விட்டுப் பிரிந்திருந்தது. ஓரத்து இருக்கையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர். கண் பந்தின் மேலேயே இருந்தது. முழங்கால்களை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி, வழி விட்டிருந்தார்.