போன செலவு

எம்.ரெட்டியபட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பூமிநாதன் காக்கி உறையைப் பிரித்து ஏழாம் பாடத்தை மடியில் விரித்துக்கொண்டான். அவனுக்குப் பாடம் தபாலில்தான் வந்தது. அருப்புக்கோட்டை நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா அவன். வேலையை விடாமல் எம்.காம். படிக்க இப்படி ஒரு வழி திறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து சைக்ளோஸ்டைல் அடித்த தாள்கள் வரும். படித்து, கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால், யாரென்றே தெரியாத ஒரு பேராசிரியர் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். ஏழாம் பாடத்துக்கு எழுதிய விடை முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தது. இருபதுக்குப் பதினெட்டு. ஓரத்தில், ‘வாழ்க்கையிலிருந்து எடுத்த நல்ல உதாரணம்’ என்று இங்கிலீஷில் ஒரு வரி.

அந்த உதாரணம் அவனுடைய அண்ணன் சங்கையாவின் கிணறு.

பாடம் எளிமையானது. மில் முதலாளி ஒருவர் ஐம்பதாயிரம் போட்டு இயந்திரம் வாங்குகிறார். அது ஓடவில்லை. ஓடவைக்க இன்னும் இருபதாயிரம் வேண்டும். போடலாமா, கூடாதா? ஐம்பதாயிரத்தைக் கொட்டிவிட்டுப் பாதியில் விடுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த ஐம்பதாயிரத்தை மறந்துவிடு என்கிறது பாடம். இயந்திரத்தை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது திரும்பப் போவதில்லை. எதைச் செய்தாலும் மாறாத ஒன்றுக்கு, எதைச் செய்வது என்ற யோசனைக்குள் இடமில்லை. இனிப் போடும் இருபதாயிரம் இனி எவ்வளவு கொண்டுவரும் என்பது மட்டுமே கேள்வி. இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. பூமிநாதன் ‘போன செலவு’ என்று வைத்துக்கொண்டான்.

எதைப் படித்தாலும் தமிழில், எதிரே ஒருவருக்குச் சொல்வதுபோல மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது அவன் வழக்கம். அது மதினி ஏற்படுத்திய வழக்கம். சந்தனம்மாள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, தாயில்லாத பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்பாள். தனக்கு விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்பாள். அவளுக்கு விளங்கிய பிறகுதான் இவனுக்குச் சோறு. அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. பி.காம். முடித்தவனை மேலே படிக்கச் சொல்லி, முதல் வருஷக் கட்டணத்துக்குத் தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

போன வாரம் அண்ணன் யாரிடமோ சொல்லி எழுதவைத்த கார்டு வந்தது. கீழக்காட்டுக்கு மல்லாங்கிணறு ஊர்ப் பருத்தி வியாபாரி விலை பேசியிருக்கிறார், கூட்டுப் பட்டா என்பதால் உன் கையெழுத்தும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரவும். எதற்கு விற்கிறார் என்று அதில் இல்லை, ஆனால் அவனுக்குத் தெரியும். மேலக்காட்டுக் கிணற்றை இன்னும் பத்தடி இறக்கத்தான். கீழக்காட்டுக் கம்பும் சோளமும்தான் அண்ணனின் வருஷச் சாப்பாடு. அதையும் கொடுத்துவிட்டால் அவர் கூலிக்குத்தான் போகவேண்டும். கையெழுத்துப் போடக்கூடாது, ஆனால் வெறுமனே மாட்டேன் என்றும் சொல்லக்கூடாது, அவருக்கு விளங்க வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பூமிநாதன் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

சங்கையா கிணற்று மேட்டில் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கண்டதும் துண்டால் தரையைத் தட்டி இடம் காட்டினார். நாற்பது வயதுக்கு மீறி முதுகு வளைந்திருந்தது.

“பரிட்சை எப்பம்?”

“சித்திரையில. மதுரைக்குப் போய் எழுதணும்ணே.”

“ஏன், பாடத்தத் தபால்ல அனுப்புறவுக பரிட்சையையும் தபால்லயே வச்சுற வேண்டியதான? உனக்குப் பஸ்ஸுக்காசு மிச்சம்.” சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்துப் பூமிநாதன் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தைரியம் கொடுத்தது.

கிணறு ஐம்பத்திரண்டு அடியில் நின்றிருந்தது. மேலே எட்டடி கரிசல், அதன்கீழ் சுக்கான் கல், பிறகு முழுக்கப் பாறை. பாறையில் குழிபோட்டு வெடி வைத்துப் பிளக்கவேண்டும். பிளந்த கல்லை மேலே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கிணற்று வாயில் உருளை மாட்டி, வடத்தின் ஒரு நுனியில் இரும்புக் கூடையையும் மறு நுனியில் மாடுகளையும் பூட்டுவார்கள். கீழே ஒருவர் கூடையை நிரப்பிக் குரல் கொடுப்பார். மேலே ஒருவர் மாட்டை ஓட்டுவார். மாடு தள்ளிப் போகப் போகக் கூடை மேலே ஏறும். கூலிக்கு ஆள் வைக்க முடியாமல் போன பிறகு மாட்டைச் சங்கையா ஓட்டினார், கீழே சந்தனம்மாள் நிரப்பினாள். போன ஆனியில் ஒருநாள், கூடை விளிம்புவரை வந்துவிட்ட நேரத்தில், வடம் மாட்டிய அதன் காது அறுந்தது.

பூமிநாதன் பையிலிருந்து தாளை எடுத்தான். தமிழிலேயே, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு ஏற்றபடி பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘போனது’, வலப்பக்கம் ‘இனி’. மில் முதலாளியின் இயந்திரத்தில் தொடங்கிப் பொறுமையாகச் சொன்னான். சுற்றியுள்ள நாலு கிணறுகளில் இரண்டில்தான் தண்ணீர் என்பதையும், அதிலும் ஒன்று உப்பு என்பதையும், பத்தடிக்கு ஆகும் செலவையும், தண்ணீரே வந்தாலும் அந்தக் காசு திரும்ப எத்தனை வருஷம் ஆகும் என்பதையும் சொன்னான். சங்கையா நடுவே நிறுத்திக் கேட்ட இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள். மில்லில் அவனோடு வேலை பார்ப்பவர்கள்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். விளங்கவைக்கிறோம் என்ற சந்தோஷம் அவனைப் பிடித்துக்கொண்டது. பேனாவைத் திறந்து இடப்பக்கத்தின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தான்.

“இந்தப் பக்கத்த மறந்துறணும்ணே. அது வராது. இனிமே உள்ளத மட்டும் பாருங்க.”

சங்கையா தாளை வாங்கி, அடித்த பக்கத்தைத்தான் பார்த்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. வெடிமருந்து. கூலி. கொல்லன் பட்டறை. விரல் நின்றது.

“வடம், புதுசு. கூடை, புதுசு.” மெதுவாக வாசித்தார். “எல்லாம் எழுதியிருக்க. உங்க மதினிய எந்தப் பக்கம்ப்பா எழுதியிருக்க?”

அந்தக் கூடையை ஏன் புதிதாக வாங்கவேண்டி வந்தது என்பது எழுதும்போதே பூமிநாதனுக்குத் தெரியும். தெரிந்தேதான் விலையை எழுதியிருந்தான். இதே இரண்டு வரிகளும் மதுரைக்குப் போய், மார்க் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தன. இடப்பக்கம் என்று சொன்னால் அதை இப்போதுதான் அடித்திருக்கிறான். வலப்பக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“ரெண்டு பக்கமும் இல்ல போல.” சங்கையாவின் குரலில் கோபமே இல்லை. “தண்ணி வந்துச்சுன்னா, இதுக்குத்தான் அவ போனான்னு வச்சுக்கிறலாம்னு இருந்தேன். நீ சொல்றதப் பாத்தா, வந்தாலும் அவ போனது போனதுதான். சரியாத்தான் இருக்கு.”

அவர் தாளை நாலாக மடித்துத் தம்பியின் பையிலேயே வைத்துவிட்டு எழுந்து கிணற்றின் வடபுறம் போனார். மூன்று கோடையில் ஏறிய கல் அங்கே ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கடைசிக் கோடையின் கல் முழுவதும் அவள் நிரப்பியது. அதில் ஒன்றைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து விளிம்பில் நின்றார்.

“என்னண்ணே செய்றீங்க?”

“வெட்டப்போறதில்லன்னா மூடிறணும்ல. தெறந்து கெடந்தா ஆடு மாடு விழும்.”

கல் போயிற்று. ஐம்பத்திரண்டு அடிக்கு இரண்டு விநாடிகூட ஆகாது என்று பூமிநாதன் படித்திருக்கிறான். சத்தம் கேட்டதும் எழுந்து அவரருகே போனான்.

“அண்ணே, பத்திரத்த எடுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன்.” பேனா இன்னும் கையில் திறந்தே இருந்தது. “நான் சொன்னது தப்பு.”

“தப்பு ஒண்ணுமில்ல. நல்லா வெளங்குற மாதிரிச் சொன்ன.” சங்கையா திரும்பாமலே அடுத்த கல்லுக்குக் குனிந்தார். “அவ கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பா.”

பாறைச் சுவரின் பொந்துகளில் கூடு கட்டியிருந்த புறாக்கள் இரண்டாவது கல்லுக்கு மொத்தமாகக் கிளம்பின. வெயிலில் சிறகடித்து ஒருமுறை வட்டமிட்டு, கிணற்று வாய்க்கு நேரே தாழ்ந்து வந்தன. அடுத்த கல் விழுந்தது. மறுபடி மேலே ஏறி, உட்கார இடமில்லாமல், இரண்டு பேர் தலைக்கும் மேலே சுற்றிக்கொண்டே இருந்தன.