அம்மாவுக்குத் தடையில்லை

நோட்டரி அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் அவனை வக்கீல்கள் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த உறுதிமொழிப் பத்திரமாக இருந்தாலும் நாலு நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மின்னல், பெற்ற தாயின் பத்திரத்துக்கு மட்டும் மூன்று வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மை தீர்ந்தது, ஒரு நாள் கரண்ட் போனது, ஒரு நாள் தலைவலி. அன்று மதியம் அம்மா ஃபைலும் கையுமாகக் கடைக்கே வந்து, பெஞ்சில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஏம்மா வரிசைல உக்கார்ற?"

"அம்மாவா கேட்டுப் பாத்தேன், வேலை நடக்கல. அதான் கஸ்டமரா வந்திருக்கேன்."

அம்மாவுக்குக் கல்யாணம். வயது ஐம்பத்தேழு. அவன் அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக வெளிநாடு போன இடத்தில், மேல்மாடியில் குடியிருந்த, பியானோ ரிப்பேர் செய்யும் ஒருவர் பழக்கமானார்; அவரும் மனைவியை இழந்தவர். அந்த ஊர்ப் பதிவு அலுவலகம் அப்பாவின் இறப்புச் சான்றோடு நிற்கவில்லை. இவள் மணமுடிக்க எந்தத் தடையும் இல்லை என்று, இங்கே வசிக்கும் நெருங்கிய உறவினர் ஒருவர் சத்தியம் செய்த பத்திரமும் கேட்டது. இங்கே அவனை விட்டால் ஆளில்லை. இன்றைக்குக் கூரியரில் போகாவிட்டால் கிடைத்த தேதி போய்விடும், அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். முப்பத்தைந்து வயதுப் பிள்ளை சும்மா இருக்க அம்மா முந்திக்கொண்டாளே என்று நாலு பேர் சிரிப்பதைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். அவள் போன பிறகு ஆளில்லாத வீட்டைத் தானே சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே நுழைவதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேறு வழியில்லை. மகள்களை வெளிநாட்டில் கட்டிக்கொடுக்கும் அப்பாக்களுக்காக வைத்திருந்த பழைய பத்திரத்தைத் திறந்தான். பெயரை மாற்றினான், வயதை மாற்றினான், பிரிண்ட் எடுத்தான். நாலே நிமிடம்.

நோட்டரி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார்.

"மின்னல், உங்க மகளுக்கு அம்பத்தேழு வயசா?"

அவன் விழித்தான்.

"'என் பராமரிப்பில் வளர்ந்த என் மகள்'னு போட்டிருக்கு. உங்க வயசு முப்பத்தஞ்சு. பொறக்கறதுக்கு இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே அப்பாவாயிட்டீங்க."

அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பராமரிப்புன்னு வேற எழுதிருக்கானா? சட்டைப் பட்டன் அறுந்தா என்னைத்தான் தேடுவான் மேடம்."

"அடிச்சுத் திருத்துனா செல்லாது. புதுசா கொண்டாங்க. நாலு மணிக்கு நான் கிளம்பிடுவேன்."

மணி மூன்றரை. கடைக்கு ஓடிவந்து, மகள் என்று இருந்த இடமெல்லாம் தாய் என்று மாற்றினான். 'முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்ற வரியில் கை நின்றுவிட்டது. எத்தனையோ அப்பாக்களுக்கு யோசிக்காமல் அடித்துக் கொடுத்த வரி. முதல் இரண்டு சொற்களை அழித்தான். முதுகுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"அதை ஏன் எடுத்துட்ட?"

"சட்டப்படி தேவையில்லம்மா. சம்மதம்னாலே போதும்."

"முக்கால் மனசுன்னு போடேன்."

"அரைகூடத் தேறாதும்மா."

"சரி விடு. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாத. அப்படியே பிரிண்ட் எடு."

இதற்கு நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது அவனுக்கு.

மூன்று ஐம்பதுக்கு மறுபடியும் நோட்டரி முன்னால் நின்றார்கள். வலது கையைத் தூக்கிச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் அவர். முத்திரையை மையில் ஒற்றித் தயாராகப் பிடித்துக்கொண்டார். அவன் மளமளவென்று படித்தான். சம்மதிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டான். பத்திரம் அதோடு முடிந்தது. அவன்தான் முடிக்கவில்லை.

"அவங்களுக்குக் குளிர் ஒத்துக்காது மேடம். முழங்கால் பிடிச்சுக்கும். வலிச்சாலும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, நாமதான் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கணும். அந்த மனுஷனுக்கு இதெல்லாம் யாராவது எழுதணும்ல."

"இந்தப் பத்திரத்துல அதுக்கு இடமில்லையே," என்றார் நோட்டரி மெதுவாக.

அம்மா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டரியின் கையில் முத்திரை அந்தரத்தில் நின்றது. தூக்கிய கையை அவன் இன்னும் இறக்கவில்லை.