ஐசியில ஜாவாவுக்கு என்ன பேரு?

"அக்கா, சாரி லா. அந்த லோரி கம்பெனியில ஜாவாஸ்கிரிப்ட் கேட்டிருக்காங்க. நீங்க பயோடேட்டாவுல பாதிதான் போட்டிருக்கீங்க, வெறும் ஜாவான்னு."

போன்ல ருமானா இப்படிச் சொன்னதும் எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. பாதியா? பத்து வருசமா கம்பெனிகளுக்கு ஜாவாங்கிற கம்ப்யூட்டர் மொழியிலதான் சாப்ட்வேர் எழுதுறேன். ருமானா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஆள் எடுத்துக் குடுக்கிற ஏஜென்சியில இருக்கா. நல்ல பொண்ணுதான், ஆனா கம்ப்யூட்டர்னா அவளுக்கு டைப் அடிக்கிறது மட்டும்தான்.

சுபாங் ஜெயாவுல எங்க ஆபீஸை மூடிட்டாங்க. மேருவுல ஒரு லோரி கம்பெனியில ஆள் தேடுறாங்க, கிள்ளான்ல எங்க வீட்டுக்குப் பக்கம். அது கிடைக்கலன்னா சிங்கப்பூர்ல கூப்பிட்டிருக்கிற வேலைதான். அங்க போனா எம்மகளை மாசத்துக்கு ஒரு தடவதான் பாக்க முடியும். சாயங்காலத்துக்குள்ள சிங்கப்பூருக்குப் பதில் சொல்லணும். பேக்கூட பாதி அடுக்கியாச்சு.

ரயில் புடிச்சு நேரா அவ ஆபீஸுக்கே போய்ட்டேன். கீழ டீக்கடைக்கு இழுத்துட்டு வந்து உக்கார வச்சேன்.

"ஏம்மா, ஜாவா வேற, ஜாவாஸ்கிரிப்ட் வேற. தெரியுமா?"

"ஒண்ணுதானேக்கா? வீட்ல என்னை ரூமின்னு கூப்பிடுவாங்க, அடையாள அட்டை ஐசியில ருமானா. அதுமாதிரி ஜாவா கூப்பிடுற பேரு, ஜாவாஸ்கிரிப்ட் ஐசி பேரு."

ஐயோ கடவுளே! திட்ட வந்தவ சிரிச்சுட்டேன்.

"கவலைப்படாதீங்க, நானே ஸ்கிரிப்ட் சேத்து அனுப்பிடுறேன்"னு போனை எடுத்தா. ஒரு நிமிசம் மனசு சபலப்பட்டுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது தெரியாம வேலைக்குள்ள போனப்புறம் மானம் போயிடுமே?

"வேணாம். இங்க பாரு, கோப்பியும் கோபிஸும் ஒண்ணா? ஒண்ணு குடிக்கிறது, இன்னொண்ணு பொரியல் வைக்கிற முட்டைக்கோஸ். பேரு மட்டும்தான் ஒட்டுது. அந்த லோரி கம்பெனி மேனேஜருக்குப் போன் போடு. திரையில பட்டன், படம்லாம் செய்யணுமா, இல்ல எந்த லோரி எந்தச் சரக்கோட எப்பக் கிளம்புதுன்னு பின்னால கணக்குப் பாக்குற வேலையான்னு கேளு."

பட்டன்னு சொன்னா அது ஜாவாஸ்கிரிப்ட் வேலை, என் கதை முடிஞ்சது. ருமானா ஸ்பீக்கர்ல போட்டா.

"பாஸ், உங்களுக்குக் கோப்பியா, கோபிஸா?"ன்னு கேட்டுட்டா பாவி! அப்புறம் உளறிக் கொட்டி, நான் சொன்னதைச் சொன்னா.

"பட்டனா? அதுக்கு ஆள் இருக்கு. பின்னால உள்ளதுக்குத்தான் ஆள் வேணும்"னார் மேனேஜர் பாலன். "எங்க ஆபீஸ் பசங்க ஜாவா ஜாவான்னுதான் சொன்னாங்க. விளம்பரத்துல முழுப்பேரு போட்டா மரியாதையா இருக்கும்னு நான்தான் ஸ்கிரிப்ட் சேத்தேன்."

நான் மேசையில தலையை வச்சுச் சிரிச்சேன். அவர் உடனே வரச் சொன்னார். மேருவுல அவங்க பசங்க என்னைத் துருவித் துருவிக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். வேலையும் கிடைச்சுடுச்சு. கடைசியில பேர் எழுத பாலன் என் ஐசியைப் பாத்துட்டு முழிச்சார்.

"புனிதான்னாங்க, இதுல புனிதவதின்னு இருக்கே?"

"பாஸ், இது ரெண்டும் நெசமாவே ஒண்ணுதான்."

சிங்கப்பூருக்கு வரலைன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன். மக வாசல்லயே நின்னா.

"அம்மா, எப்ப போற?"

"போகலடி. மேருவுலதான் வேலை. தெனமும் வந்துருவேன்."

அவ உள்ள ஓடி, பேக்குல இருந்த என் துணியையெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் போட்டா.